கவர் பிரிக்காத சைக்கிள்

"கவரைப் பிரிச்சாச்சா சார்?"

செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி இது. ஐப்பசி மாதம், தூறல் விட்டிருந்த ஒரு காலை. நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர் தேங்கிய ஒரு குழியைச் சுற்றிக் கடப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் நடந்தேன். நான்கு நாள் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டு வாசலில், ஷாமியானாவுக்குக் கீழே, ஈர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுகூட அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வரவில்லை. போன மாதம்தான் வந்தது. மூக்கின் வழியாக வந்தது.

பேத்தி மித்ராவின் சைக்கிளை விற்றுவிடலாம் என்று மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தேன். உங்களுக்குத் தெரியும், அதே சைக்கிள்தான். ஆனி மாதம் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கவர் தை மாதத்திலும் அதன் உடம்பில் அப்படியே இருந்தது. வாங்குகிறவர் பார்க்கட்டுமே என்று பிளேடால் கிழித்தேன். குப்பென்று ஒரு நாற்றம். மழைத்தண்ணீரும் துருவும் ஒட்டுநாடாவின் பசையும் சேர்ந்து மாதக்கணக்கில் ஊறிய நாற்றம். கோடை விடுமுறை முழுக்க டிபன் பாக்ஸைப் பையிலேயே மறந்து வைத்துவிட்டு, பள்ளி திறந்த அன்று வகுப்பில் அதைத் திறக்கும் மாணவனின் முகத்தை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். என் முகமும் அப்படித்தான் போயிருக்கும். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. கவரின் மடிப்புக்குள் கரப்பான் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

அதுகூடப் பரவாயில்லை சார். சோப்புப் போட்டுக் கழுவினால் போகிற அசிங்கம் அது.

கைப்பிடியின் தண்டு இறங்குகிற குட்டையான குழாய் முன்னால் இருக்கிறதல்லவா, அதோடு கீழ்க்குழாய் வந்து சேரும் இடத்தைத் துணியால் துடைத்தேன். ஆறிய புண்ணின் பொருக்குபோலப் பெயின்ட் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அடியில் இரும்பு இல்லை. சாம்பல் நிறத்தில் பட்டிப் பூச்சு. அதையும் சுரண்டினேன். வெல்டு இரண்டு பக்கமும் வந்து, அடிப்பக்கம் அப்படியே நின்றுபோயிருந்தது. விட்ட இடத்தைப் பசையால் நிரப்பி, பளபளவென்று சிவப்பு அடித்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். நின்றுபோன வெல்டின் ஓரத்திலிருந்து முடிபோல ஒரு விரிசல் மேல்நோக்கிப் போயிருந்தது. என் கட்டைவிரல் நகம் அந்த இடைவெளிக்குள் போனது. அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருடம் நாம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். நான் இயற்பியல், நீங்கள் பி.டி. ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஏரிக்கரையில் காலை நடை. இத்தனை வருடத்தில் நான் உங்களுக்கு சார், நீங்கள் எனக்கு சார். பெயர் சொல்லி அழைத்துக்கொண்டதே இல்லை. நீங்கள் செம்பாக்கத்தின் பழைய குடும்பம். இந்த ஊர் வயலாக இருந்தபோதே இருந்தவர்கள். நான் மனைக்கட்டு வாங்கி வந்து குடியேறியவன். உங்கள் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். என் பேச்சைக் கேட்டு, "பாடபுஸ்தகம் மாதிரியே பேசறீங்க சார்" என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

மித்ரா ஏழாம் வகுப்பு. ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில், வீடே வராத அகலத் தார்ச்சாலையில், சில பிள்ளைகள் குட்டைச் சைக்கிளை வைத்துக்கொண்டு தாவுவதையும் சுழல்வதையும் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் ஒரு பிஎம்எக்ஸ் வேண்டும் என்றாள். அவள் அப்பா அம்மாவுக்கு வீட்டுக் கடன். நான் வாங்கித் தருகிறேன் என்றேன். என் கையில் இருந்தது நடுத்தரமான ஒரு தொகை. அதற்குள் முடிக்க வேண்டும். உங்களையும் வரச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். உங்கள் யோசனையைக் கேட்கவா, நான் வாங்குவதை நீங்கள் பார்க்கவா?

தாம்பரத்தில் அந்தக் கடையில் இரண்டு வண்டிகள் நம் கைக்கு எட்டின. ஒன்று இருபது அங்குலச் சக்கரம். கியர் இல்லை, முன்னால் அதிர்வு தாங்கும் ஷாக் இல்லை, மட்கார்டு இல்லை. மங்கிய பச்சை. சீட்டு தரையோடு தரையாக இருந்தது. மற்றது இருபத்து நான்கு அங்குலம். சிவப்பும் கறுப்பும், தடித்த டயர், ஷாக், டிஸ்க் பிரேக், உடம்பெங்கும் பிஎம்எக்ஸ் என்று ஸ்டிக்கர். தண்ணீர் பாட்டில் இலவசம். விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

மித்ரா நேராகப் பச்சையிடம் போனாள். நீங்களும் போனீர்கள். அதைத் தூக்கி ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டீர்கள். 'டொப்' என்று ஒரே சத்தம். சிவப்பைத் தூக்கிப் போட்டபோது பாத்திரக்கடை அலமாரி ஆடியதுபோல் பல சத்தங்கள். அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினீர்கள். கைப்பிடிக்கு அடியில் ஏதோ லேசாக நகர்வது எனக்கே தெரிந்தது. சக்கரத்தைச் சுழலவிட்டீர்கள், பிரேக் தட்டு உள்ளே வெளியே என்று நெளிந்து சுற்றியது.

"சார், இந்தப் பச்சைய எடுங்க," என்றீர்கள்.

நான் பள்ளிச் சீருடைக் கணக்குப் போட்டேன். ஜூன் மாதம் சீருடை எடுக்கும்போது நாம் என்ன செய்வோம்? வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுப்போம். முதல் வருடம் தொளதொள, இரண்டாம் வருடம் சரியாக இருக்கும், மூன்றாம் வருடம் மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். இந்த ஊரில் மாதச் சம்பளக்காரர் எல்லோரும் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் இப்படித்தான் வாங்குகிறோம். இருபது அங்குலம் என்றால் சின்னப் பிள்ளை வண்டி, ஒரு வருடத்தில் குட்டையாகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் பொறுமையாகத்தான் சொன்னீர்கள். பிஎம்எக்ஸ் என்றாலே இந்தச் சக்கரம்தான், மீசை முளைத்தவனும் இதில்தான் ஓட்டுகிறான், ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறுவது மேல்குழாயின் நீளம்தான் என்றீர்கள். தாவி இறங்குகிறவள் முழங்காலை மடக்க இடம் வேண்டும், அதற்குத்தான் சீட்டு தாழ்ந்து கிடக்கிறது என்றீர்கள். இந்த விலையில் வருகிற ஷாக் வெறும் எடைதான், தூக்கிச் சுமக்க வேண்டியதுதான் என்றீர்கள். மித்ரா உங்கள் பக்கம் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் சிவப்புக்குப் பணம் கட்டினேன். அதே பணத்துக்கு ஷாக், டிஸ்க், பாட்டில் என்று எவ்வளவு வருகிறது பாருங்கள்!

அப்போதும் நீங்கள் விடவில்லை. முன்குழாயில் சுற்றியிருந்த கவரைக் காட்டினீர்கள். "இன்னா சார், பார்சலாவே வாங்கிக்கினு போறீங்க? இத்தப் பிரிக்கச் சொல்லுங்க. வெல்டு எப்டிக் கீதுன்னு பார்த்துட்டு எடுக்கலாம்."

கவரைப் பிரித்தால் வாரன்டி போய்விடும் என்றார் கடைக்காரர். அப்படி ஒரு விதி எந்த ஊரிலும் இருக்க முடியாது என்று எட்டாம் வகுப்பு மாணவனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கும் அந்தக் கவர் வேண்டியிருந்தது. என் வீட்டில் டிவி ரிமோட்டுக்குக் கவர், ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக் கவர், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சோபாவுக்கு இன்றுவரை கவர். வண்டியை முதலில் கோயிலுக்கு எடுத்துப்போய் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், புதுமெருகு கலையாமல் தெருவுக்குள் கொண்டுபோக வேண்டும். நான்கு வீட்டார் பார்க்க வேண்டும்.

"இந்த வண்டி யாருக்கு சார்? ஓட்டறவங்களுக்கா, பாக்கறவங்களுக்கா?"

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அப்போது சொன்னேன், "இது மெக்கானிக்ஸ் சார். என் சப்ஜெக்ட். விட்டுடுங்க."

நீங்கள் கோபப்படவில்லை. கையிலிருந்த கிரீஸை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டு, "சரி சார். எடுத்துக்குங்க," என்றீர்கள்.

அந்த 'எடுத்துக்குங்க'வை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று போன மாதம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இருபது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் கேட்டது அது. பாடம் முடியவில்லை, இன்றைக்கு உங்கள் பீரியடை எனக்குக் கொடுங்கள் என்று நான் வருவேன். மைதானத்தில் பிள்ளைகள் பந்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "எடுத்துக்குங்க சார். மழை வந்துச்சுன்னு நெனச்சுக்கறோம்," என்று விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வீர்கள். வேதியியல்காரர் வருவார், கணக்குக்காரர் வருவார். ஆசிரியர் அறையில் நாங்கள் அதைக் களவு என்று நினைத்ததே இல்லை. பி.டி.தானே என்போம். உங்கள் காதுபடவே சொல்வோம், பிறகு நீங்கள் வாங்கி வந்த வடையைத் தின்போம். அந்த அறையையும், அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த என்னையும் நினைத்தால் எச்சில் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

உங்களுக்கு வெல்டு தெரிந்ததும் அதே மைதானத்தில்தானே? ஒரு வருடம் பள்ளிக்குப் புதிதாக, பிள்ளைகள் தொங்கி ஆடுகிற பார் கம்பி வந்தது. தலைமையாசிரியர் தேங்காய் உடைத்தார். இரண்டாம் நாளே கம்பியின் மூட்டு பிய்த்துக்கொண்டு ஒரு மாணவனின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நாங்கள் எல்லோரும் அவன் சரியாகப் பிடிக்கவில்லை என்றோம். நீங்கள் மட்டும் உடைந்த கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டு, "பெயின்ட் நல்லாத்தான் கீது. வெல்டு எங்க?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் மைதானத்தில் இருக்கும் ஒவ்வொரு மூட்டையும் விரலால் சுற்றித் தடவுவீர்கள். நல்ல வெல்டு என்றால் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக, விடாமல் சுற்றி வர வேண்டும் என்பீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, வேறு வேலை இல்லை இவருக்கு என்று நினைத்திருக்கிறேன்.

சைக்கிள் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை உங்களிடம் நான் சொன்னதில்லை. முதல் நாளே மித்ரா அதை மனைப்பிரிவுக்கு ஓட்டிப் போனாள். அங்கிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, "இன்னா, பஸ்ஸ எட்டுனு வந்துக்கீற?" என்று கேட்டாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மித்ரா காலால் உந்திப் பார்த்திருக்கிறாள், முன்சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. ஆவணியில் ஒருநாள் மண்மேட்டில் ஏறி இறங்கும்போது சாய்ந்து விழுந்து தாடையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் ஏதோ கடகடவென்று ஆடுகிறது தாத்தா என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார வைத்து, மிகப் பொறுமையாக, ஓர் உதாரணம் சொன்னேன். புது செருப்பு முதலில் கடிக்கும், காலுக்குப் பழகிவிட்டால் கடிக்காது. அதுபோல வண்டியின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளக் கொஞ்ச நாளாகும் என்றேன். நல்ல உதாரணம். முப்பது வருடம் அப்படித்தான் பேர் வாங்கினேன். குனிந்து அந்த மூட்டைப் பார்க்கக்கூட இல்லை. பிறகு அவள் வண்டியைத் தொடாமல் விட்டபோது, வாங்கிக் கொடுத்ததை மூலையில் போட்டுவிட்டாய் என்று கடிந்துகொண்டேன். சில மாலைகளில் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். நகம் போகிற அளவு ஓட்டை இருந்த வண்டியில், தாவுவதற்கு, நானே என் பேத்தியை அனுப்பிவைத்தேன்.

அவளைக் கூப்பிட்டு அந்த ஓட்டையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள்.

"எனக்குத்தான் ஓட்ட வரலைன்னு நெனச்சேன் தாத்தா," என்றாள்.

மறுநாள் வண்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு அதே கடைக்குப் போனேன். சத்தம் போடத்தான் போனேன். கடைக்காரர் மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வருகிறது, வாரன்டியில் பிரேம் வராது, ஆனால் நீங்கள் பெரியவர், எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன், மேலே கொஞ்சம் போட்டுவிட்டு அந்தப் பச்சையைக் கொண்டுபோங்கள் என்றார். பச்சை அங்கேயேதான் நின்றது. மித்ராவின் கண் அதில்தான் இருந்தது.

இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கொஞ்சம் பேஸ்ட் வெச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, புதுக் கவர் ஒண்ணு சுத்துனா ஷோரூம் பீஸ் சார். யாராச்சும் ஃபேமிலி எட்டுனு போயிடுவாங்க. நீங்க ஏன் பேஜாராவறீங்க?"

நியாயமாக அந்த இடத்தில் நான் உடனே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை சார். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அரை நிமிடம் யோசித்தேன். இதை இங்கே விட்டால் புது வண்டி, விடாவிட்டால் கையிலிருக்கும் பணத்துக்குப் புதிதாக எதுவும் வராது. யாரோ ஒரு குடும்பம், யாரோ ஒரு தாத்தா, அவரும் என்னைப்போலக் கவரைப் பிரிக்கமாட்டார், அவருக்குத் தெரியவே போவதில்லை. இவ்வளவும் அந்த அரை நிமிடத்தில் ஓடியது. அந்தக் கடைக்காரரைவிட, பட்டி பூசியவனைவிட, எனக்கு அதிகம் குமட்டுவது அந்த அரை நிமிடம்தான்.

மித்ரா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்த ஃபேமிலில ஓட்டப்போறது யாரு தாத்தா?"

வண்டியை வெளியே எடுத்து வந்தேன். எதிர்ச்சாரியில் கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறை இருந்தது. முன்குழாயை அறுத்துக் கொடுங்கள், மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பட்டறைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "புதுசா கீதே சார்?" என்றார். கவிழ்த்துக் காட்டினேன். அதற்குப் பிறகு எதுவும் கேட்காமல் அறுத்தார். தீப்பொறி பறக்கும்போது பட்டி கருகி, முடி பொசுங்குவதுபோல ஒரு வாடை வந்தது. கடைக்காரர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொத்தேரிக்குப் போனோம். அங்கே இன்ஜினியரிங் கல்லூரியின் கடைசி வருடப் பிள்ளைகள் படிப்பு முடித்து ஊருக்குப் போகும் முன்னால் கட்டில், மின்விசிறி, சைக்கிள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒரு விடுதி வாசலில் ஒரு மாணவர் இருபது அங்குல வண்டி ஒன்றை நிறுத்திவைத்திருந்தார். உடம்பெல்லாம் கீறல். ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. சீட்டு கிழிந்திருந்தது. பின்னால் மட்டும் பிரேக்.

"கீறல் நிறைய இருக்கு அங்கிள். அதான் ரெண்டு பேரு பார்த்துட்டுப் போயிட்டாங்க," என்றார்.

இந்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மித்ரா வண்டியைத் தூக்கினாள், அவளால் தனியாகவே தூக்க முடிந்தது. ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டாள். 'டொப்'. கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள். சக்கரத்தைச் சுழலவிட்டுப் பிரேக் கட்டைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். கடைசியில் தரையில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு மூட்டையும் சுற்றி வந்தாள். கடையில் அவ்வளவு நேரமும் அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாப்பா, நீ மெக்கானிக்கலா?" என்று சிரித்தார் அந்த மாணவர்.

"இல்லண்ணா. பி.டி.," என்றாள் மித்ரா.

சார், நான் முகத்தை ஜிஎஸ்டி சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இப்போது அவள் தினமும் மாலை போகிறாள். முன்சக்கரம் ஒரு முழம் எழும்புகிறதாம். வண்டி வெளியிலேயே நிற்கிறது, கோயிலுக்கும் போகவில்லை. அறுத்து வாங்கிய அந்த முன்குழாய்த் துண்டு என் மேசைமேல், மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் அந்த வாடை முழுதாகப் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறேன். ஏதாவது ஒன்றுக்கு அழகான உதாரணம் என் வாயில் வந்து நிற்கும்போதெல்லாம் முதலில் அதை எடுத்து மோந்து பார்க்கிறேன். பிறகு குனிந்து, சொல்ல வந்த பொருளைப் பார்க்கிறேன். உங்கள் பீரியடுகளை என்னால் திருப்பித் தர முடியாது. அன்று ஏரிக்கரையில் விட்டுப்போன பதிலை மட்டும் தருகிறேன்: பிரிச்சாச்சு சார். ரொம்பத் தாமதமாக.

இதைப் படிப்பவர் வீட்டில் கவரோடு ஒரு சைக்கிள் நின்றால், இன்றைக்கே அந்தக் கவரைக் கிழித்துவிட்டு, முன்குழாய் மூட்டை விரலால் ஒரு முறை முழுதாகச் சுற்றித் தடவிப் பாருங்கள்.